கார்பன் நானோ குழாய்கள்: மருத்துவத்தில் இன்று எங்கே நிற்கின்றன?

"புற்றுநோய்க் கட்டியை மட்டும் தேடிப்போய்ச் சுட்டுவிடும் நானோ குழாய் வந்துவிட்டதாமே ஹஜ்ரத், எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்?" இப்படியொரு கேள்வி அவ்வப்போது நம்மிடம் வருகிறது. கேட்பவரின் கையில் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி இருக்கும். வீட்டில் ஒரு நோயாளியும் இருப்பார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம். கார்பன் நானோ குழாயை உடலுக்குள் செலுத்திப் புற்றுநோயைக் குணப்படுத்தும் எந்த மருந்தும் இன்றுவரை பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதே சமயம் அந்தச் செய்தி முழுக்கக் கட்டுக்கதையும் அல்ல. அதன் பின்னால் இருபது ஆண்டுகளுக்கும் மேலான உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. எலிகளிடம் நடந்ததை மனிதர்களிடம் நடந்ததாக யாரோ மாற்றி எழுதிப் பரப்பிவிடுகிறார்கள். இந்த ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது, எங்கே தடைபட்டு நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைக் கைவிட்டு இல்லாத மருந்தைத் தேடி அலையும் நிலை நம் குடும்பங்களுக்கு வராது.

எப்படிப்பட்ட குழாய் இது?

அடுப்புக் கரி, பென்சில் முனை, வைரம் எல்லாமே கார்பன்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே வேறு. பென்சில் முனையிலுள்ள கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணங்களாகப் பிணைந்து, தாள் தாளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அதில் ஒரே ஒரு தாளை எடுத்தால் அதன் பெயர் கிராஃபீன். அந்தத் தாளைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, விளிம்புகளை ஒட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கார்பன் நானோ குழாய்.

ஒற்றைச் சுவர் கொண்ட குழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையே 2 நானோமீட்டர் அகலம் உடையது என்றால், இந்தக் குழாய் எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். குழாய்க்குள் குழாயாகப் பல சுவர்கள் கொண்டவையும் உண்டு. அவை சில பத்து நானோமீட்டர் வரை பருமனாக இருக்கும். நீளமோ சில நூறு நானோமீட்டரிலிருந்து பல மைக்ரான் வரை போகும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீளத்தைப் பற்றிய இந்தக் குறிப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1991இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர் சுமியோ இஜிமா, மின்வில்லில் உருவான கரிப் படிவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இக்குழாய்களின் அமைப்பை விவரித்தார். உலகம் இவற்றைக் கவனித்தது அதன் பிறகுதான். ஆனால் 1952லேயே இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் இவை போன்றவற்றைப் படமெடுத்து ரஷ்ய மொழி இதழில் வெளியிட்டிருந்தார்கள். அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மனிதன் அறியாமலேயே இவற்றை உண்டாக்கிய கதை இன்னும் பழையது. 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு டமாஸ்கஸ் வாளின் எஃகில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக அறிவித்தார்கள். முஸ்லிம் உலகின் புகழ்பெற்ற அந்த வாள்களுக்கான எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கப்பட்டு வணிகர்கள் வழியாகச் சென்றவை. 2020இல் சிவகங்கை மாவட்டக் கீழடியில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பானையோடுகளின் கறுப்புப் பூச்சிலும் இக்குழாய்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சூளையின் வெப்பமும் அதிலிட்ட தாவரப் பொருளும் சேர்ந்து தற்செயலாக நடந்தது அது. ‘அன்றே நானோ அறிவியல் அறிந்திருந்தோம்’ என்று இதை வைத்து மேடையில் பேசுவது சரியாகாது.

மருத்துவர்களுக்கு ஏன் இதில் ஆர்வம்?

முதல் காரணம் வடிவம். ஊசி போல நீண்டு மெலிந்திருப்பதால் உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே போக இதனால் முடிகிறது. இரண்டாவது, மேற்பரப்பு மிக அதிகம். ஒரு சிட்டிகை அளவில் ஏராளமான மருந்து மூலக்கூறுகளை ஏற்றலாம். மூன்றாவதுதான் முக்கியமானது. கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதி நம் தோலையும் தசையையும் ஓரளவு ஊடுருவிச் செல்லும். கைவிளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் மறுபுறம் சிவப்பாகத் தெரிகிறதல்லவா, அது போல. உடலின் திசுக்கள் அதிகம் உறிஞ்சாத அந்த ஒளியை நானோ குழாய்கள் நன்றாக உறிஞ்சிச் சூடாகின்றன. அவற்றில் சில வகைகள் அதே அகச்சிவப்பில் ஒளிரவும் செய்கின்றன. இந்த ஒளிர்வை 2002இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. வெறும் நானோ குழாய் தண்ணீரில் கரையாது. எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அப்படியே இரத்தத்தில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே அமிலத்தில் இட்டு அதன் மேற்பரப்பை மாற்றினார்கள், அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீரை விரும்பும் பொருளால் போர்த்தினார்கள், அல்லது டி.என்.ஏ. இழையையே அதைச் சுற்றிச் சுற்றினார்கள். மருத்துவத்தில் ‘நானோ குழாய்’ என்று எங்கே படித்தாலும் இப்படி உடை உடுத்திய குழாயைத்தான் பேசுகிறார்கள். வெறும் குழாயும் உடை உடுத்திய குழாயும் உடலுக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

கட்டியைச் சுடும் சோதனை

வாட்ஸ்அப் செய்திகளின் மூலம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. 2005இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜியே டாய் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சில புற்றுநோய் அணுக்களின் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மிகுதியாக இருக்கும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே, அதே ஃபோலிக் அமிலம்தான். அதை நானோ குழாயின் உடையில் கோர்த்துவிட்டார்கள். ஏற்பி மிகுந்த அணுக்கள் குழாயை உள்ளே இழுத்துக்கொண்டன, மற்றவை இழுக்கவில்லை. பிறகு 808 நானோமீட்டர் லேசர் ஒளியைப் பாய்ச்சியபோது குழாய்கள் சூடேறி, அவற்றை விழுங்கிய அணுக்கள் மட்டும் மடிந்தன.

இது நடந்தது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த அணுக்களில். 2008இல் அதே குழுவினர், மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவமனைகளில் இன்றும் கொடுக்கப்படும் பாக்லிடாக்சல் மருந்தைக் குழாய்களில் ஏற்றி எலிகளுக்குச் செலுத்தினார்கள். வழக்கமான முறையில் கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிக மருந்து கட்டியைச் சென்றடைந்தது, கட்டியின் வளர்ச்சியும் மேலும் குறைந்தது.

பிறகு ஏன் மனிதர்களுக்கு வரவில்லை? அகச்சிவப்பு ஒளி ஊடுருவும் என்றோம், ஆனால் எவ்வளவு ஆழம்? தோலுக்குக் கீழே சென்டிமீட்டர் கணக்கில்தான். எலியின் உடலுக்கு அது போதும். மனிதனின் கணையத்திலோ ஈரலின் உட்புறத்திலோ உள்ள கட்டியை வெளியிலிருந்து அந்த ஒளி எட்டாது. அடுத்து, செலுத்திய குழாய்களில் கணிசமான பங்கு கட்டிக்குப் போகாமல் ஈரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேர்கிறது. அந்நியப் பொருளை இரத்தத்திலிருந்து அள்ளி வைக்கும் வேலையை அல்லாஹ் அந்த உறுப்புகளுக்குத்தான் கொடுத்திருக்கிறான், அவை தம் வேலையைச் செய்கின்றன. அங்கே போனவை எத்தனை நாள் இருக்கும், என்ன செய்யும் என்பதுதான் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கேட்கும் கேள்வி.

உளவு சொல்லும் குழாய்கள்

நம் பார்வையில், சிகிச்சையைவிட நோயறிதலில்தான் இந்தக் குழாய்கள் முதலில் பயன்பாட்டுக்கு வர வாய்ப்பு அதிகம். குழாயைச் சுற்றியுள்ள உடையில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு வந்து ஒட்டினால், குழாய் வெளியிடும் ஒளியின் அளவோ நிறமோ சற்று மாறும். அந்த மாற்றத்தை வெளியிலிருந்து கருவியால் படிக்கலாம். சாதாரண ஒளிரும் சாயங்கள் வெளிச்சம் பட்டுப்பட்டு மங்கிவிடும். இவை மங்குவதில்லை.

2013இல் எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஸ்ட்ரானோ குழுவினர், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கூழில் இக்குழாய்களைப் பதித்து எலிகளின் தோலுக்கடியில் வைத்தார்கள். உடலில் அழற்சி ஏற்படும்போது உருவாகும் நைட்ரிக் ஆக்சைடை அது 400 நாட்களுக்கு மேல் தொடர்ந்து அளந்துகாட்டியது. இரண்டு ஆண்டு வாழும் பிராணியிடம் 400 நாட்கள் என்பது சிறிய காலமல்ல. சர்க்கரை நோயாளிகளின் இரத்த அளவை இதே முறையில் ஊசியின்றி நீண்டகாலம் அளக்க முடியுமா என்ற முயற்சியும் நடந்து வருகிறது. விரலைக் குத்திக் குத்திச் சலித்துப்போன நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்லத் தேவையில்லை.

நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் டேனியல் ஹெல்லர் குழுவினர் சினைப்பைப் புற்றுநோயை எடுத்துக்கொண்டார்கள். பெண்களிடம் அறிகுறியே காட்டாமல் முற்றிவிடும் நோய் அது. ‘வயிறு உப்புசம், வாயுத் தொல்லை’ என்று மாதக்கணக்கில் கை வைத்தியம் பார்த்துவிட்டுக் கடைசியில் வருகிறவர்கள் அதிகம். 2022இல் வெளியான ஆய்வில் உடலுக்குள் எதையும் செலுத்தவில்லை. நோயாளிகளிடம் எடுத்த இரத்தத்தின் தெளிநீரைப் பல வகைக் குழாய்களோடு கலந்து, ஒளியில் ஏற்பட்ட மாற்றங்களின் மொத்தக் கோலத்தைக் கணினிக்குக் கற்பித்தார்கள். நோயுள்ள நூறு பேரில் 87 பேரை அது அடையாளம் கண்டது. இப்போதுள்ள இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சேர்ந்து அதே துல்லியத்தில் 84 பேரைக் கண்டன. மூன்று பேர்தான் வித்தியாசம். ஆனாலும் உடலுக்கு எந்த ஆபத்தும் இல்லாத முறை என்பதால், நச்சுத்தன்மை பற்றிய விவாதம் இங்கே எழுவதில்லை.

நரம்பும் இதயமும்

நானோ குழாய் மின்சாரத்தைக் கடத்தும். நரம்பும் இதயத் தசையும் மின் துடிப்பால் இயங்குபவை. எனவே இரண்டையும் இணைத்துப் பார்க்கும் எண்ணம் இயல்பாக வந்தது. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் லாரா பாலெரினியும் மவுரீட்சியோ பிராட்டோவும் சேர்ந்து செய்த ஆய்வில், இக்குழாய்களின் மேல் வளர்த்த நரம்பணுக்களிடையே சமிக்ஞைகள் அதிகரித்தன. 2016இல் துண்டிக்கப்பட்ட இரண்டு தண்டுவடத் துண்டுகளை நானோ குழாய் வலையில் வைத்து வளர்த்தபோது, நரம்பிழைகள் இடைவெளியைக் கடந்து மறுபடி தொடர்பு கொண்டன. முதுகெலும்பு அடிபட்டுப் படுக்கையில் கிடப்பவர்களின் குடும்பத்தார் இதைப் படித்துவிட்டு அவசரப்பட வேண்டாம். அது உடலுக்கு வெளியே, தட்டில் நடந்தது.

இதயத்தில் மாரடைப்புக்குப் பின் உண்டாகும் தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் துடிப்பு தாறுமாறாகும். 2019இல் ரைஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் இதய நிறுவனமும், நானோ குழாய்களை நூலாகத் திரித்து, ஆட்டின் இதயத்தில் கடத்தல் தடைபட்ட இடத்தின் இருபுறமும் தைத்துக் காட்டின. மின் துடிப்பு அந்த நூல் வழியே கடந்தது. மின்கலம் எதுவும் தேவைப்படவில்லை.

இதயத் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வேறு சிலர் நானோ குழாய்களை ஜெலட்டின் கூழில் கலக்கிறார்கள். இந்த இடத்தில் நம் வாசகர்கள் கேட்கக்கூடிய ஒன்று உண்டு. ஆய்வுக்கூட ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுக்கப்படுவது. மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கவும் முடியும், அப்படி ஆய்வுகளும் இருக்கின்றன. கார்பன் குழாயைப் பொறுத்தவரை ஹலால் ஹராம் பிரச்சினை எதுவும் இல்லை, கரிதான் அது. கூடச் சேர்க்கும் பொருளைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளின் தன்மை முழுவதுமாக மாறிவிட்டால் சட்டம் மாறுமா, வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் என்ன சலுகை என்பதெல்லாம் ஃபிக்ஹ் நூல்களில் விரிவாகப் பேசப்பட்டவை. அப்படியொரு சிகிச்சை நடைமுறைக்கு வரும்போது அதன் விவரங்களை வைத்து உலமாக்கள் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

ஆஸ்பெஸ்டாஸ் நினைவு

நீளத்தை நினைவில் வைக்கச் சொன்னோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகள் நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த இழைத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய் வந்தது. காரணம் ரசாயனம் மட்டுமல்ல, இழையின் வடிவமும்தான். நம் உடலில் குப்பை அள்ளும் அணுக்கள் உண்டு. தூசியை விழுங்கிக் கரைப்பதோ அப்புறப்படுத்துவதோ அவற்றின் வேலை. தம்மைவிட நீளமான விறைத்த இழையை அவற்றால் முழுவதும் விழுங்க முடியாது. பாதி விழுங்கிய நிலையில் தவித்து, அழற்சி உண்டாக்கும் பொருள்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் அந்த அழற்சி தொடர்ந்தால் அது புற்றுநோயில் போய் முடியலாம்.

கார்பன் நானோ குழாயும் நீண்டது, மெலிந்தது, எளிதில் சிதையாதது. 2008இல் எடின்பரோவில் கென் டொனால்ட்சன் முதலானோர் இதைச் சோதித்தார்கள். எலிகளின் வயிற்று உறையில் பல வகைப் பல சுவர்க் குழாய்களைச் செலுத்தினார்கள். நீண்ட, நேரான குழாய்கள் சில நாட்களிலேயே ஆஸ்பெஸ்டாஸ் உண்டாக்குவது போன்ற அழற்சியையும் திசு முடிச்சுகளையும் உண்டாக்கின. குட்டையானவையும் சுருண்டு பந்தாகிக் கிடந்தவையும் அப்படிச் செய்யவில்லை. ஒரே கார்பன், ஒரே சோதனை. விளைவைத் தீர்மானித்தது நீளமும் விறைப்பும்தான். இந்தத் துறையில் வெளியான மிகப் பயனுள்ள ஆய்வு எது என்று கேட்டால் நாம் இதைத்தான் சொல்வோம். ‘நானோ குழாய் நல்லதா கெட்டதா’ என்ற கேள்வியே பொருளற்றது என்று அது காட்டியது. எந்தக் குழாய், எவ்வளவு நீளம், என்ன உடை, எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்க வேண்டும்.

2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பல சுவர்க் குழாய்களில் எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற ஒரு வகையை மட்டும் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளது என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம், வேலையிடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. இந்த எச்சரிக்கை முதலில் பொருந்துவது நோயாளிகளுக்கு அல்ல, தொழிலாளர்களுக்கு. லித்தியம் மின்கலங்களின் மின்முனைகளில் இக்குழாய்கள் சேர்க்கப்படுகின்றன. உலர்ந்த தூளைக் கொட்டி அளக்கும் இடத்தில் வேலை பார்ப்பவருக்கே ஆபத்து. நம் பிள்ளைகள் வெளிநாட்டிலோ இங்கேயோ அப்படிப்பட்ட ஆலைகளில் இருந்தால், சாதாரணத் துணி முகக்கவசம் போதாது, தூசியை உறிஞ்சும் காற்றோட்ட வசதியும் உரிய சுவாசக் கவசமும் வேண்டும் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மின்கலத்துக்குள் பதிந்து மூடப்பட்ட குழாயால் கைபேசி வைத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

வெளியேறும் வழி

உள்ளே போனது வெளியே வருமா? நல்ல செய்திகள் இரண்டு உண்டு. 2006இல் வெளியான ஆய்வில், நீரில் கரையும்படி நன்கு உடை உடுத்திய குழாய்கள் எலிகளின் இரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் விலகிச் சிறுநீரில் வெளியேறின. 2010இல் இன்னொரு குழு, நம் வெள்ளையணுக்களில் கிருமிகளைக் கொல்லப் பயன்படும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி, குழாய்களை அரித்துச் சிதைப்பதைக் கண்டது. அப்படிச் சிதைந்தவை எலிகளின் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கவில்லை. ஆனால் எல்லாக் குழாய்களும் எல்லா உறுப்புகளிலும் இப்படிச் சிதைவதில்லை, வேகமும் ஒன்றல்ல.

மருந்தாக்குவதில் இன்னொரு தடை, தயாரிப்பின் ஒழுங்கின்மை. பாராசிட்டமால் மாத்திரையில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒன்றுபோல இருக்கும். நானோ குழாயை ஒரு தடவை தயாரித்தால் நீளத்திலும் விட்டத்திலும் சுருண்ட கோணத்திலும் வேறுபட்ட கலவை கிடைக்கிறது. தயாரிப்பில் பயன்படும் இரும்பு, நிக்கல், கோபால்ட் துகள்களும் அதில் எஞ்சும். மருந்து என்று ஒப்புக்கொள்ள, ஒவ்வொரு தொகுதியும் முந்தையதைப் போலவே இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.

‘நானோ மருந்தே கிடையாதா’ என்றால், உண்டு. கொழுப்புக் குமிழிக்குள் டாக்சோரூபிசின் மருந்தை அடைத்த ஊசி 1995லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்று இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. கொழுப்பை உடல் அறியும், உடைக்கும். கார்பன் குழாயிடம் அந்த வசதி இல்லை. கொரோனா காலத்தில் தடுப்பூசிக்குள் கிராஃபீனும் நானோ கம்பியும் இருப்பதாகப் பரவிய வதந்தியை நம்பிச் சிலர் ஊசியைத் தவிர்த்தார்கள். கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் அப்படி எதுவும் இல்லை.

யாராவது ‘நானோ சிகிச்சை’ தருவதாகச் சொன்னால்

மருத்துவப் பரிசோதனைக் கட்டத்தில் உள்ள மருந்து என்றால், இந்தியாவில் அது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தத் தளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். நோயாளிக்குப் புரிகிற மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும். அதைப் படித்துக் கேள்வி கேட்க அவகாசமும் தர வேண்டும். இடையில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. பரிசோதனையில் இருக்கும் மருந்துக்காக நோயாளியிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்பது வழக்கமல்ல. கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். இப்போது நடந்துகொண்டிருக்கும் கீமோவையோ கதிர்வீச்சையோ நிறுத்தச் சொன்னால், முதலில் சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகள் பலவும் அடங்கும், குடும்ப அட்டையோடு விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.